ஏகாதசி மாத்திரை

எங்கள் வீட்டில் பி.பி. அவருக்கு, கோபம் எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. என் ஆத்துக்காரர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் என்ன சொன்னாலும் லேசாகச் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார். நானோ ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட ஜனங்களோடு மல்லுக்கட்டி ரிடையர் ஆனவள். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். எனக்கு இன்றைக்கும் பி.பி. நார்மல்.

அதனால் இதைக் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். 'பாஸிட்டிவா இருங்க மேடம்' என்று எனக்குப் புத்தி சொன்ன தில்லை நகர்க்காரர்கள் படித்தால் படிக்கட்டும்.

அவர் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். பாய்லருக்கான பெரிய பெரிய குழாய்களில் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா, அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்குகிறதா என்று பார்க்கிற வேலை. காண்ட்ராக்டர் எத்தனை கெஞ்சினாலும் கேஜைத் தன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தோம். தினம் பெருமாளைச் சேவிக்கலாம் என்பது அவருடைய ஆசை. லிப்ட் உள்ள ஃபிளாட் வேண்டும் என்பது என்னுடையது. இரண்டும் நிறைவேறின.

அந்த மனுஷர், இரும்புக் குழாயின் அழுத்தத்தைப் பார்க்காமல் வாசலைத் தாண்ட விடாதவர், தன் அழுத்தத்தை மட்டும் பெருமாள் தலையில் போட்டுவிட்டார். மாத்திரை சாப்பிடுவார். ஒழுங்காகச் சாப்பிடுவார். ஆனால் அட்டையின் மேல் மருந்துக் கடைக்காரர் 'சாப்பிட்ட பிறகு' என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு அது வேத வாக்கு. ஏகாதசி அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. சாப்பாடு இல்லையென்றால் சாப்பிட்ட பிறகு என்பதும் கிடையாது. ஆக, ஏகாதசிக்கு மாத்திரையும் கிடையாது. அமாவாசைத் தர்ப்பணமென்றால் எல்லாம் முடிந்து இலையில் உட்கார மத்தியானம் ஆகும், அதற்குள் மறந்து போகும். திவசம் என்றால் கேட்கவே வேண்டாம். நம் பஞ்சாங்கத்தில் பட்டினிக்கா பஞ்சம்? மாத்திரைக்கு மாதத்தில் இத்தனை நாள் லீவு விடும் குடும்பம் வேறு எந்த ஊரிலாவது இருக்குமா, தெரியவில்லை. எங்கள் வீதியில் நிறைய இருக்கிறது.

நான் கத்தாமல் இல்லை. "மாத்திரை என்ன சாதமா? தண்ணியோட முழுங்கினா விரதம் கெட்டுடுமா?" என்று கேட்பேன். சிரிப்பார். "நீ சொன்னா சரியா இருக்கும்" என்பார். போட்டுக்கொள்ள மாட்டார்.

போன வருஷம், ஒரு துவாதசி காலை. முதல் நாள் முழுப் பட்டினி. விரதம் முடிக்கிற பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் எல்லாம் செய்து இலையில் பரிமாறிவிட்டு நெய் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் சாதத்தின் மேல் வலது கையை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்த்துண்டிருக்கேள்? பிசைஞ்சு சாப்பிடுங்கோ, ஆறிடும்" என்றேன்.

அந்தக் கை அசையவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னவோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. காவேரிப் பாலத்தின் மேல் ஆம்புலன்ஸில் போகும்போதும் அந்தக் கையில் சாதப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் துடைத்தேன்.

உயிர் பிழைத்தார். மூளைக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் அடி வாங்கியிருந்தன. நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்தார். அதிகம் பேசாதவர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பி.பி. மாத்திரை ஒழுங்கா போட்டுட்டு இருந்தாரா?"

ஏகாதசிக் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சாப்பிட்ட பிறகுதான் போடணும்னு யாருங்க சொன்னா?"

"அட்டையில எழுதியிருந்தது."

"இந்த மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லைங்க. வெறும் வயித்துல தண்ணியோட போடலாம். ஒரு நாள் கூட விடக்கூடாது. அதுதான் முக்கியம்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுதிக் கொடுத்த கடைக்காரர் எல்லா மாத்திரைக்கும் அதையேதான் எழுதுவார். அவர் கையே அப்படிப் பழகிவிட்டது. மாதா மாதம் போய் நின்றபோது எங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த பழைய டாக்டர், 'உங்களுக்கு ஏகாதசி உண்டா' என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் கிளினிக் வைத்துக்கொண்டு, நெற்றி நிறைய நாமத்தோடு வந்து உட்காருகிறவரிடம் கேட்கத் தோன்றாதா? ஒரு வரி. ஒரே ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்தோம். கால் மெல்ல மெல்லத் தேறியது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரை நடந்தார். பேச்சு ஒற்றை வார்த்தையாக, அதுவும் பாதி வார்த்தையாக வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி, உள்ளங்கை குழிந்து, மார்போடு ஒட்டிக்கொண்டது. பிசியோதெரபிக்கு வரும் பெண், "இடது கையால வலது கையைத் தாங்கிப் பிடிச்சுத் தூக்குங்க சார், தினமும் செய்யுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். அவள் இருக்கும்வரை செய்வார். லிப்ட் கீழே போனதும் இடது கை விட்டுவிடும்.

கோயிலுக்கு மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். வீல்சேரில் கூட்டிப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். ஏனென்று கேட்டேன். ரொம்ப நேரம் திணறி, "தீ... தீர்..." என்று சொல்லி, மடங்கிய கையைக் கண்ணால் காட்டினார். தீர்த்தத்தை வலது கையில்தான் வாங்கவேண்டும். அந்தக் கை இல்லை. இடது கையை நீட்டிக்கொண்டு பெருமாள் முன்னால் போய் நிற்க அவரால் முடியாது. ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பாமல் படுத்திருப்பார். என்னிடம் எத்தனை கோபம் இருந்தாலும் இதை நினைத்தால் அழுகைதான் வரும். இப்போதும் வருகிறது.

இந்த நேரத்தில்தான் மாம்பலத்திலிருந்து என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, ஒரு வீடியோவை அனுப்பினாள். வீல்சேரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னணியில் வீணை. ஸ்டெம் செல் சிகிச்சை என்று எழுத்து ஓடுகிறது. அடுத்த காட்சியில் அதே மனிதர் எழுந்து நடந்து, பேத்தியை வலது கையால் தூக்குகிறார். இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் எத்தனை மாதம், எத்தனை பிசியோதெரபி, அவருக்கு வந்தது எந்த மாதிரி ஸ்ட்ரோக், ஒன்றும் கிடையாது. வீணைதான் இருந்தது.

நான் அதை அழித்திருப்பேன். அதற்குள் நாத்தனார் அவருடைய போனுக்கே அனுப்பிவிட்டாள். அவர் இடது கட்டைவிரலால் அதைத் தொட்டுத் தொட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாக, ஒரு எழுத்துக்கூடக் குழறாமல், "போலாம்" என்றார்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வார்த்தை அது. நான் எப்படி மாட்டேன் என்பது?

தில்லை நகரில் கண்ணாடிக் கதவு போட்ட இடம். உள்ளே போனால் ஜிலுஜிலுவென்று ஏ.சி. சுவரில் மனித மூளைப் படம், அதன் மேல் சீரியல் செட் போட்டதுபோல் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். டை கட்டிய ஒருத்தர் காபி கொடுத்து எங்களை உட்கார வைத்தார். டாக்டர் இல்லை, கோஆர்டினேட்டராம்.

"இது சாரோட சொந்த செல் மேடம். இடுப்பெலும்புல இருந்து எடுத்து, லேப்ல பிரிச்சு, முதுகுத்தண்டு வழியா உள்ள செலுத்துறோம். அது போய் டேமேஜ் ஆன இடத்தைத் தானாவே கண்டுபிடிச்சு சரி பண்ணும்."

"கை வருமா?" என்றேன்.

"நல்ல இம்ப்ரூவ்மெண்ட் எதிர்பார்க்கலாம் மேடம்."

"கை வருமான்னு கேட்டேன்."

"ரிசல்ட் ஆளுக்கு ஆள் மாறும். நீங்க பாஸிட்டிவா இருங்க மேடம்."

என் உத்தியோகக் காலத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு வந்து கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கன்ஃபர்ம் ஆகுமா மேடம் என்று கேட்பார்கள். ஆகாது, பஸ்ஸில் போங்கோ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். திட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் பஸ்ஸையாவது பிடிப்பார்கள். 'பாஸிட்டிவா இருங்க' என்று அவர்களை நான் பிளாட்பாரத்தில் உட்கார வைத்ததில்லை. எவ்வளவு கேட்டார்கள் என்று எழுதப் போவதில்லை. என் கோபம் ரூபாயைப் பற்றியதல்ல. அத்தனை நேரம் பேசியும், படம் காட்டியும், காபி கொடுத்தும், அந்த இடத்தில் ஒருத்தர்கூட அவருக்கு பி.பி. பார்க்கவில்லை. எதனால் வந்தது என்று கேட்கக்கூட இல்லை.

நரம்பு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஆராய்ச்சி நடக்குதுங்க. ஒரு நாள் வரலாம். ஆனா இன்னிக்கு ஸ்ட்ரோக்குக்கு இது வைத்தியம்னு நிரூபணம் ஆகல. ஆராய்ச்சியா செய்யறவங்க உங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. காசு வாங்கறவங்க செய்யறது ஆராய்ச்சி இல்ல. எதைச் செஞ்சாலும் பி.பி.யை விட்டுடாதீங்க. இன்னொரு தடவை வந்தா தாங்கமாட்டார்."

இன்னொரு தடவை வந்தா. அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குள் பெட்டியோடு வந்து இறங்கியிருந்த நாத்தனாரிடம் சொன்னேன்.

"டாக்டர்களுக்குள்ள ஆயிரம் போட்டி இருக்கும் மன்னி. நீங்க எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படறேள். அண்ணா மறுபடியும் தன் கையால பிசைஞ்சு சாப்பிடறதைப் பார்க்கணும்னு எனக்கு இருக்காதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அவளுக்கு அவர் அண்ணா. ஆனால் பாசம் இருந்தால் மூளையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

அவரும் அந்த வீடியோவைப் பார்ப்பதை விடவில்லை, கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். கிளினிக்கில் கொடுத்த தேதிகளில் அவள் தேர்ந்தெடுத்தது ஏகாதசி. "நல்ல நாள் மன்னி. பெருமாளே பார்த்துப்பார்."

அன்று காலை. நான் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வந்த ஏகாதசிகளில் நான்தான் வலுக்கட்டாயமாக வாயில் போட்டுவந்தேன். விழுங்கிவிட்டுப் பாவம் செய்தவர்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அன்றைக்கு வாயையே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மன்னி, காலம்பற எதுவும் வாயில போடக் கூடாதுன்னு அவா சொல்லியிருக்கா. அதோட ஏகாதசி வேற" என்று நாத்தனார் குறுக்கே வந்தாள்.

போன் போட்டேன். அதே டைக்காரர் எடுத்தார்.

"பி.பி. மாத்திரை குடுக்கலாமா?"

"எதுவுமே வேண்டாம் மேடம். வெறும் வயித்தோட கூட்டிட்டு வந்துடுங்க."

"யாராவது டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கோ."

"ஸ்டாண்டர்டா எல்லாருக்கும் சொல்றதுதான் மேடம்."

எல்லாருக்கும் ஒரே வரி. சாப்பிட்ட பிறகு என்பதும் எல்லாருக்கும் ஒரே வரி. எதுவும் வேண்டாம் என்பதும் எல்லாருக்கும் ஒரே வரி. நரம்பு டாக்டருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அவர் புது வேட்டியோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் லிப்டுக்குப் போய் நின்றுவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் போனேன்.

அங்கே பச்சைத் துணி போட்டு, இடுப்பில் பஞ்சால் துடைத்துச் சுத்தம் செய்த பிறகுதான் ஒரு நர்ஸ் அவர் கையில் பி.பி. பட்டையைச் சுற்றினாள். மிஷின் இரைந்தது. அவள் முகம் மாறிற்று. இன்னொரு தடவை வைத்தாள். மேல் எண் இருநூறைத் தாண்டி நின்றது.

முகமூடி போட்ட ஒரு டாக்டர் வந்தார். நாங்கள் அவரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறோம்.

"பதட்டமா இருக்கும். நாக்குக்கு அடியில ஒண்ணு வெச்சா இறங்கிடும். கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஆரம்பிச்சுடலாம்" என்றார் நர்ஸிடம். எங்களிடம் இல்லை.

அங்கேதான் நான் வெடித்தேன்.

"பதட்டம் இல்லை டாக்டர். மாத்திரை போடலை. போடாதேன்னு சொன்னது உங்க ஆள். இந்த மனுஷருக்கு ஸ்ட்ரோக் வந்ததே மாத்திரை விட்டதாலதான். அதை இங்க யாராவது கேட்டேளா? படம் காட்டினேள், காபி குடுத்தேள், பி.பி. பார்த்தேளா?"

"மேடம், அது உங்க ரெகுலர் டாக்டர் பார்த்துக்க வேண்டியது. நாங்க பண்றது வேற."

"மூளை ஒண்ணுதானே? அதுக்குள்ள போறது ஒரே ரத்தம்தானே?"

நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். "மன்னி, கத்தாதீங்கோ, அண்ணா பயப்படறார்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். மிஷினை அவர் முகத்துக்கு நேரே திருப்பிவைத்தேன்.

"பாருங்கோ. கேஜைப் பாருங்கோ. இந்த முள்ளோட ஒரு பாய்லரை வாசல் தாண்ட விட்டிருப்பேளா? காண்ட்ராக்டர் சொன்னான்னு கையெழுத்துப் போட்டிருப்பேளா?"

அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. நான் வீல்சேரைக் கேட்டு வாங்கி, நானே வேட்டியைக் கட்டிவிட்டு, நானே தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். நேரே நரம்பு டாக்டரிடம் போனோம். அன்று முழுக்க அங்கேயே படுக்கவைத்து மெதுவாக இறக்கினார்கள். அடி வாங்கின மூளைக்குத் திடீரென்று இறக்கினாலும் ஆபத்து என்றார் அவர். நாக்குக்கு அடியில் ஒன்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் வண்டி நின்று நின்று போயிற்று. அவர் என்னைப் பார்த்து இரண்டாவது முழு வார்த்தையைச் சொன்னார்.

"பாவி."

குழறவே இல்லை. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் மாம்பலத்துக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவார், தண்ணீர் கொடுத்தால் குடிப்பார், பிசியோதெரபிப் பெண்ணோடு கையைத் தூக்குவார். என்னிடம் அரை வார்த்தைகூட இல்லை. நானும் பேசவில்லை. இரண்டாவது தடவை வராமல் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் பாவி என்றால் நானும் மனுஷிதானே. கிளினிக்கிலிருந்து போன் வந்தது. சாருக்கு பி.பி. கண்ட்ரோல் ஆயிடுச்சா மேடம், அடுத்த டேட் போட்டுடலாமா என்று. டிக்கெட் கவுண்டரில்கூட யாரிடமும் பேசாத பாஷையில் பேசி வைத்தேன்.

அடுத்த ஏகாதசி வந்தது. அவருக்கு முடியாமல் போனதிலிருந்து வீட்டுப் பெருமாளுக்கு நான்தான் பாலும் பழமும் படைத்துக் கண்டருளப் பண்ணுகிறேன். விளக்கேற்றி, துளசி சாத்தி முடித்தேன். மாத்திரையை எடுத்துக்கொண்டு அவரிடம் போகவேண்டும். மறுபடியும் அந்தக் கடித்த பல், மறுபடியும் நான் வாயைப் பிடித்துத் திறக்க வேண்டும், மறுபடியும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எத்தனை ஏகாதசிக்கு?

வட்டிலில் தீர்த்தம் இருந்தது. அதையும் உத்தரணிக் கரண்டியையும் மாத்திரையையும் தட்டில் வைத்து, அவர் கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஓசை வரும்படியாகவே வைத்தேன்.

"தீர்த்தத்துக்கு ஏகாதசி கிடையாது. இதோட போட்டுக்கோங்கோ. போட்டுக்காட்டா உங்க பெருமாளாச்சு, நீங்களாச்சு. நான் இனிமே உங்க வாயைத் திறக்கப் போறதில்லை. எனக்கு உடம்பு விட்டுப்போச்சு" என்று கத்திவிட்டு, போகாமல் அங்கேயே நின்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். அப்புறம் இடது கையை எடுத்து, மார்போடு ஒட்டியிருந்த வலது கையை அடியில் தாங்கிப் பிடித்து, பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்தபடியே, மெல்ல மெல்ல என் முன்னால் கொண்டுவந்து நீட்டினார். விரல்கள் விரியவில்லை. விரியவும் வேண்டியிருக்கவில்லை. தீர்த்தம் வாங்குகிறவன் உள்ளங்கையை எப்படிக் குழித்து வைத்துக்கொள்வானோ, ஸ்ட்ரோக் அந்தக் கையை அப்படித்தான் குழித்து வைத்திருந்தது. இத்தனை மாதமாக அதை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

மாத்திரையை அந்தக் குழியில் வைத்தேன். அதன் மேல் உத்தரணியால் தீர்த்தம் சாதித்தேன். பாதி வேட்டியில் வழிந்தது. இடது கை வலது கையை வாய்வரை தூக்கிக்கொண்டு போயிற்று. உறிஞ்சினார். தொண்டை ஏறி இறங்கியது. வழக்கம்போல ஈரக்கையைத் தலையில் துடைத்துக்கொள்ளப் பார்த்தார், எட்டவில்லை. நான் குனிந்து தலையைக் காட்டினேன். என் தலையில் துடைத்தார்.

"முழுங்கியாச்சா? வாயைத் திறந்து காட்டுங்கோ" என்று அதட்டினேன்.

காட்டினார்.